ரூல் தெரியறது வேற, ரூல்படி நடக்கறது வேற: மூளை ஒரு வேலைய எப்படி புரிஞ்சு வச்சிருக்கு? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மூளை பத்தி வாயத் திறந்தாலே ஞாபக சக்திக்கு வல்லாரை சாப்பிடலாமானு தான் மொத கேள்வி வரும். அது இங்க இல்ல, மன்னிக்கவும். இங்க பேசப்போறது வேற ஒண்ணு. ஒரு வேலைய "இது இப்படித்தான் போகும்"னு மூளை எப்படி உள்ள வச்சிருக்கு, நிலைமை மாறுனா அத வச்சு எப்படி தன்ன மாத்திக்குது, சில சமயம் ஏன் மாத்திக்க மாட்டேங்குது. என்கிட்ட திரும்பத் திரும்ப வந்த கேள்விகள ஒரே இடத்துல போட்டுருக்கேன்.

வேலை பத்தின அறிவுனா என்ன? கை கால் பழகுறதா?

இல்ல. ஒரு ஓட்டல எடுத்துக்கோங்க, நீங்க இதுவரைக்கும் போகாத ஊர்ல, இதுவரைக்கும் பாக்காத ஓட்டல். உள்ள போறீங்க, கை கழுவுறீங்க, உக்காருறீங்க, சர்வர் வருவார்னு காத்திருக்கீங்க, சாப்பிட்டு முடிச்சா பில் வரும்னு தெரியும். அந்த ஓட்டல் பத்தி உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, ஆனா ஓட்டல்னு ஒண்ணு எப்படி நடக்கும்னு தெரியும். இப்போ அஞ்சு நிமிஷமா யாரும் வரல, சுத்திப் பாத்தா எல்லாரும் கவுண்டர்ல காச கட்டி டோக்கன் வாங்கிட்டு நிக்கறாங்க. ஓ இது செல்ஃப் சர்வீஸ்னு ஒரே செகண்ட்ல மொத்த வரிசையும் மாறிடுது, காசு மொதல்ல, சாப்பாடு அப்புறம். யாரும் உங்களுக்கு புதுசா சொல்லித்தரல, உள்ள இருந்த ரெண்டு திட்டத்துல ஒண்ண கீழ வச்சிட்டு இன்னொண்ண எடுத்துக்கிட்டீங்க.

இதுல நாலு விஷயம் ஒளிஞ்சிருக்கு. எது எதுக்கு அப்புறம் வரும், நான் இப்போ எந்த கட்டத்துல இருக்கேன், இந்த இடத்துல எத கவனிக்கணும் எத விட்டுடணும், கடைசில என்ன கிடைக்கும். இந்த நாலும் சேந்தத தான் ஆராய்ச்சிக்காரங்க டாஸ்க் ரெப்ரசன்டேஷன்னு சொல்றாங்க. என்னக் கேட்டா ரெண்டாவது தான் உயிர்நாடி, நான் இப்போ எங்க இருக்கேன்ங்கறது. அது குழம்புனா மத்த மூணும் தெரிஞ்சும் பிரயோஜனம் இல்ல. கீழ வர்ற பதில்கள் பாதி இதையே தான் சுத்தி சுத்தி வரும், சலிச்சுக்காதீங்க.

செஞ்சு செஞ்சு பழகுனா தானா வந்துடாதா? இதுக்கு எதுக்கு தனியா ஒரு திட்டம் உள்ள இருக்கணும்?

ஒரு காலத்துல உளவியல்ல பெரும்பாலானவங்க அப்படித்தான் நினைச்சாங்க. ஒரு செயல் பண்ணுனா பரிசு கிடைக்குது, அதனால அந்த செயல் கெட்டிப்படுது, அவ்வளவுதான், உள்ள படம் கிடம் ஒண்ணும் இல்லனு. அத ஆட்டிப்பாத்தவர் அமெரிக்காவுல பெர்க்லில இருந்த எட்வர்ட் டோல்மன். 1930-ல அவரும் ஹான்சிக்கும் பண்ணுன பரிசோதனைல மூணு கூட்டம் எலிங்க ஒரே புதிர்ப்பாதைல ஓடுச்சுங்க. ஒரு கூட்டத்துக்கு கடைசில எப்பவும் சாப்பாடு உண்டு, ஒரு கூட்டத்துக்கு எப்பவும் கிடையாது, மூணாவது கூட்டத்துக்கு மொத பத்து நாள் ஒண்ணும் இல்ல, 11-வது நாள்ல இருந்து சாப்பாடு.

மூணாவது கூட்டம் பத்து நாளும் சும்மா சுத்திட்டு இருந்துச்சு, தப்பு அவ்வளவா குறையல. சாப்பாடு வந்த மறுநாளே தப்பு சர்ருனு இறங்கி, மொத நாள்ல இருந்து சாப்பாடு வாங்குன எலிங்களுக்கு சமமா வந்துடுச்சு. பரிசு தான் கத்துக்கொடுக்குதுனா இது நடக்கவே கூடாது. பரிசே இல்லாத பத்து நாள்லயும் அதுங்க பாதைய உள்ள வாங்கி வச்சிருக்கு, தேவைப்படல அதனால காட்டல. 1948-ல டோல்மன் இதுக்கு காக்னிடிவ் மேப்னு பேர் வச்சார், மூளைக்குள்ள ஒரு வரைபடம்னு.

நிஜமாவே மூளைக்குள்ள மேப் இருக்கா, இல்ல பேச்சுக்கு சொல்றதா?

டோல்மன் காலத்துல பேச்சுக்குத்தான். 1971-ல லண்டன்ல ஜான் ஓ'கீஃப், எலியோட ஹிப்போகேம்பஸ்ல (காதுக்கு நேரா உள்பக்கமா இருக்கற ஒரு வளைஞ்ச பகுதி) சில நியூரான்கள் (நரம்பு செல்கள்) எலி அறையில ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தா மட்டும் துடிக்குதுனு, அதாவது மின் சைகை அனுப்புதுனு காட்டுனார். 2005-ல நார்வேல மோசர் தம்பதியோட ஆய்வகம், பக்கத்துல இருக்கற என்டோரைனல் கார்டெக்ஸ்ல (கார்டெக்ஸ்னா மூளையோட வெளி அடுக்கு) க்ரிட் செல்கள கண்டுபிடிச்சாங்க. ஒரே செல் தரை முழுக்க பல இடத்துல துடிக்கும், அந்த இடங்கள புள்ளி வச்சுப் பாத்தா அறுகோணக் கோலம் மாதிரி சீரா இருக்கும். 2014-ல மூணு பேருக்கும் நோபல்.

இது வரைக்கும் இடம், வழி, ரூம் தானே, வேலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, அங்கதான் கதை சூடு பிடிக்குது. ப்ரின்ஸ்டன்ல 2017-ல வந்த ஒரு ஆய்வுல எலி ஒரு ஜாய்ஸ்டிக்க அமுக்கிப் பிடிச்சா ஒரு சத்தம் கொஞ்சம் கொஞ்சமா ஸ்ருதி ஏறும், சரியான ஸ்ருதி வந்ததும் விடணும். எலி நகரவே இல்ல. ஆனா அதே ஹிப்போகேம்பஸ் செல்கள் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஸ்ருதில துடிச்சுச்சு, தரைல ஒவ்வொரு இடத்துல துடிக்கற மாதிரியே. அதுக்கு முந்தின வருஷம் ஆக்ஸ்ஃபோர்டுல மனுஷங்கள வச்சு பண்ணுனது இன்னும் விசித்திரம். திரையில ஒரு பறவை, அதோட கழுத்து நீளமும் கால் நீளமும் மாறிக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான். கழுத்து ஒரு அச்சு, கால் ஒரு அச்சுனு எடுத்துக்கிட்டா அது ஒரு தளம், அந்தத் தளத்துல "நடக்கறப்ப" ஸ்கேன்ல அதே அறுகோண அடையாளம் தெரிஞ்சுச்சு. ஆக இந்த அமைப்பு வழி கண்டுபிடிக்க மட்டும் இல்ல, எந்த ஒரு விஷயத்தோட உறவுகளையும் படமா போட்டு வைக்க உதவுதுனு இப்போ நிறைய பேர் நினைக்கறாங்க.

கண்ணுக்குத் தெரியற இடத்துக்கு மேப் சரி. வேலைல "நான் எந்த கட்டத்துல இருக்கேன்"னு கண்ணுக்குத் தெரியாதே?

சூப்பர் கேள்வி, இதுக்குத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பிச்சேன்.

பல வேலைல ரெண்டு கட்டம் வெளிய பாக்க அச்சு அசல் ஒண்ணா இருக்கும், ஆனா செய்ய வேண்டியது வேற. காஸ் அடுப்பு முன்னாடி நிக்கறீங்க, பாத்திரம் மூடியிருக்கு, உப்பு போட்டாச்சா போடலையா? கண்ணு பாக்கறது ரெண்டுக்கும் ஒண்ணு தான். வித்தியாசம் உங்க தலைக்குள்ள மட்டும் தான் இருக்கு. அப்போ மூளை, கண்ணு கொடுக்கற தகவலோட "இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு"ங்கறதையும் சேத்து ஒரு நிலைய உள்ள உருவாக்கி வைக்கணும்.

இத எங்க வைக்குதுங்கறதுக்கு 2014-ல ராபர்ட் வில்சன், யூஜி தகஹாஷி, ஜெஃப்ரி ஷோன்பாம், யேல் நிவ் நாலு பேரும் ஒரு கருத்த முன் வச்சாங்க. கண் குழிக்கு நேர் மேல இருக்கற ஆர்பிட்டோஃப்ரண்டல் கார்டெக்ஸ் தான் அந்த நிலைமைப் படத்த வச்சிருக்குனு. அந்தப் பகுதி பத்தி அதுக்கு முன்னாடி ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டு இருந்தாங்க. ஒருத்தர் அது ஆசைய அடக்கற இடம்னாரு, இன்னொருத்தர் பரிசோட மதிப்ப கணக்குப் போடற இடம்னாரு, வேற ஒருத்தர் உணர்ச்சினாரு. இவங்க சொன்னது என்னன்னா, அங்க அடி பட்டா எல்லா வேலையும் கெட்டுப்போறது இல்ல, கண்ணுக்குத் தெரியாத நிலைய ஞாபகம் வச்சு பிரிக்க வேண்டிய வேலைங்க மட்டும் தான் கெட்டுப்போகுது, ஆளாளுக்கு சொன்ன குறைபாடெல்லாம் இந்த ஒரு கயித்துல கட்டிடலாம்னு. எனக்கு இது படிச்சப்ப ரொம்ப பிடிச்சுச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு நிகோலஸ் ஷுக், நிவ் குழு இத மனுஷங்ககிட்ட சோதிச்சாங்க. ஒரு முகம், ஒரு வீடு, ரெண்டு படமும் ஒண்ணு மேல ஒண்ணா தெரியும். முகத்தோட வயசு, இல்லனா வீட்டோட வயசு, பழசா புதுசானு சொல்லணும். ரூல் என்னன்னா, வயசு மாறாத வரைக்கும் அதே வகைய பாத்துட்டே இருக்கணும், வயசு மாறுனா அடுத்த தடவைல இருந்து இன்னொரு வகைக்கு தாவணும். அப்போ இந்த தடவை சரியா பண்ணணும்னா போன தடவை முகமா வீடா, பழசா புதுசானு தலைல இருந்தாகணும், இந்த தடவையோட நாலு வாய்ப்பும் போன தடவையோட நாலு வாய்ப்பும் சேந்து மொத்தம் 16 நிலை. திரைல எழுதி இருக்காது. எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன்ல ஆர்பிட்டோஃப்ரண்டல் பகுதியோட துடிப்பு அமைப்ப வச்சு அந்த மறைவான நிலைய கணிக்க முடிஞ்சுச்சு. அத விட முக்கியமா, ஆள் தப்பு பண்றதுக்கு முன்னாடி அந்த நிலைமைப் படம் மங்கிப்போய் இருந்துச்சு. மேப் மங்குது, அப்புறம் தான் கை தப்பா போகுது.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், இந்தப் பகுதி பத்தி பழைய புத்தகத்துல எழுதி இருக்கறத அப்படியே நம்பாதீங்க. இங்க அடி பட்டா ரூல் தலைகீழா மாறுறத குரங்கால பிடிக்க முடியாதுனு பல காலமா பாடப்புத்தகத்துல இருந்துச்சு. 2013-ல பீட்டர் ரூட்பெக் குழு நியூரான்கள மட்டும் அழிச்சு, அந்த வழியா போற நரம்பு இழைங்கள விட்டு வச்சுப் பாத்தாங்க. குரங்குங்க ரூல் மாத்தத்த நல்லாவே பிடிச்சுச்சுங்க. பழைய அறுவை சிகிச்சைல அந்த வழியா போன இழைங்களும் சேந்து அறுபட்டது தான் வினை. ஆனா ஒரு தீனிய வயிறு முட்ட தின்ன பிறகு அதோட மதிப்ப குறைச்சுப் போடறது மட்டும் இந்தக் குரங்குங்களுக்கும் வரல. ஆக மேப் கருத்தும் இன்னும் வாதத்துல இருக்கறது தான், கல்வெட்டு இல்ல.

ரூல் மாறிடுச்சுனு தெரியுது, ஆனாலும் பழைய மாதிரியே பண்றோமே, ஏன்?

மாண்ட்ரியால்ல ப்ரெண்டா மில்னர் 1963-ல பண்ணுன வேலைய சொல்லியே ஆகணும். கையில ஒரு கட்டு சீட்டு, ஒவ்வொண்ணுலயும் நிறம், வடிவம், எண்ணிக்கை மூணும் வேற வேற. ஏதோ ஒண்ண வச்சு பிரிக்கணும், எது வச்சுனு சொல்ல மாட்டாங்க, சரி தப்புனு மட்டும் சொல்வாங்க. தொடர்ந்து 10 தடவை சரியா பண்ணுனா சத்தமில்லாம ரூல மாத்திடுவாங்க. நல்லா இருக்கறவங்க ரெண்டு மூணு தப்புலயே சுதாரிச்சுடுவாங்க. காக்காவலிப்புக்காக முன் மூளைல, அதுவும் மேல்பக்கவாட்டு பகுதில அறுவை சிகிச்சை ஆனவங்க, தப்பு தப்புனு சொல்ல சொல்ல பழைய ரூல்லயே போட்டுட்டே இருந்தாங்க. அறிவு குறைஞ்சு இல்ல, ஐக்யூ நல்லாவே இருந்துச்சு.

இதே கூத்த உங்க வீட்டுலயே பாக்கலாம், மூணு வயசு குழந்தை இருந்தா. நீல முயல் ஒட்டுன ஒரு பெட்டி, சிவப்பு படகு ஒட்டுன ஒரு பெட்டி வச்சு, சிவப்பு முயல், நீல படகுனு சீட்டு கொடுத்து மொதல்ல நிறத்த வச்சு பிரிக்கச் சொல்லுங்க, சமத்தா பண்ணும். இப்போ வடிவத்த வச்சு பிரிம்மானு சொன்னா, நிறத்த வச்சே போட்டுட்டு இருக்கும். ஃபிலிப் செலாசோ குழு 1996-ல கவனிச்சது என்னன்னா, முயல் எங்க போகணும்னு கேட்டா குழந்தை சரியான பெட்டிய காட்டும், ஆனா அடுத்த நொடியே சீட்ட தப்பான பெட்டில போடும். நாலு, அஞ்சு வயசுல பெரும்பாலும் சரியாயிடும். அதனால "சொல்லிட்டே இருக்கேன் கேக்குதா பாரு"னு மூணு வயச திட்டாதீங்க, அதுக்கு கேட்டுருக்கு, புரிஞ்சும் இருக்கு. அந்த ரூல் கைய பிடிச்சு இழுக்கற அளவுக்கு முன் மூளை இன்னும் வளரல.

இன்னொரு கோடிய பிரான்ஸ்ல லெர்மிட் 1983-ல எழுதுனார். முன் மூளை பாதிச்ச நோயாளி முன்னாடி ஒரு பொருள வச்சா, யாரும் கேக்காமலே அத எடுத்து பயன்படுத்துவாங்க. கண்ணாடிய கொடுத்தா போட்டுப்பாங்க, இன்னொண்ண கொடுத்தா அதுக்கு மேலயே போட்டுப்பாங்க. "இப்போ என்ன வேலை நடக்குது"ங்கற கட்டளை உள்ள இல்லனா, எதிர்ல இருக்கற பொருளே கட்டளையா மாறிடுது.

அப்போ முன் மூளைல ஒவ்வொரு ரூலுக்கும் ஒரு செல் இருக்கா?

பாதி ஆமா. 2001-ல ஏர்ல் மில்லர் ஆய்வகத்துல குரங்குங்களுக்கு "ரெண்டு படமும் ஒண்ணா இருந்தா பிடிச்ச லீவர விடு", "வேறயா இருந்தா விடு"னு ரெண்டு ரூல் சொல்லிக்கொடுத்துப் பாத்தாங்க. ப்ரீஃப்ரண்டல் கார்டெக்ஸ்ல, அதாவது நெத்திக்குப் பின்னாடி, படம் எதுவா இருந்தாலும் ரூலுக்கு ஏத்த மாதிரி துடிக்கற செல்கள் இருந்துச்சு.

ஆனா அப்புறம் தெரிய வந்தது, பெரும்பாலான செல்கள் ஒரே வேலைக்காரங்க இல்ல, ரூல், படம், கட்டம் எல்லாத்துக்கும் கலந்து கட்டி துடிக்கும். முன்னாடி இத குப்பைனு ஒதுக்கி வச்சிருந்தாங்க. 2013-ல ரிகோட்டி, ஃபூசி குழு அந்தக் கலப்படம் தான் பலமேன்னு காட்டுனாங்க, கலந்து இருந்தா தான் ஒரே கூட்டம் செல்கள்ல இருந்து ஏகப்பட்ட வேற வேற பிரிவுகள எளிதா படிச்சு எடுக்க முடியும், குரங்கு தப்பு பண்ணுனப்ப அந்தக் கலப்போட வளமும் குறைஞ்சுது. அதே வருஷம் மான்டே, நியூசம் குழு திரைல புள்ளிகள ஓட விட்டு, சில சமயம் ஓடற திசைய சொல்லணும், சில சமயம் நிறத்த சொல்லணும்னு வச்சாங்க. தேவையில்லாத தகவல வாசல்லயே தடுத்துடும்னு தான் எல்லாரும் எதிர்பாத்தது. தடுக்கல. ரெண்டு தகவலும் முன் மூளைக்குள்ள வந்துச்சு, உள்ள வந்த அப்புறம் தான் இப்போதைய ரூலுக்கு ஏத்தது முடிவ நோக்கி தள்ளுச்சு, மத்தது வந்த சுவடே இல்லாம அடங்கிடுச்சு.

சிலர் புது வேலைய டக்குனு பிடிச்சுக்கறாங்களே, அது எப்படி?

கத்துக்கறதையே கத்துக்கலாம். விஸ்கான்சின்ல ஹாரி ஹார்லோ 1949-ல குரங்குங்களுக்கு ரெண்டு பொருள் வைப்பார், ஒண்ணுக்கு அடில தீனி. ஆறு தடவை ஆனதும் புது ஜோடி பொருள். இப்படியே நூத்துக்கணக்குல. ஆரம்பத்துல ஒவ்வொரு ஜோடிக்கும் தட்டுத் தடுமாறிச்சுங்க. கடைசில, மொத தடவை குருட்டாம்போக்குல ஒண்ண எடுக்கும், தீனி இருந்தா அதையே பிடிச்சுக்கும், இல்லனா ரெண்டாவது தடவையே மாத்திடும், கிட்டத்தட்ட எப்பவும் சரி. அந்தப் பொருளுங்கள அதுக்கு முன்னாடி பாத்ததே கிடையாது. கத்துக்கிட்டது பொருள இல்ல, ஆட்டத்தோட எலும்புக்கூட.

எடின்பரோல ரிச்சர்ட் மோரிஸ் குழு 2007-ல எலிங்களுக்கு எந்த சுவை தீனி எந்த இடத்துல இருக்குனு ஆறு ஜோடிய சில வாரமா சொல்லிக்கொடுத்தாங்க. அந்தக் கட்டமைப்பு உள்ள பதிஞ்ச அப்புறம் ரெண்டு புது ஜோடிய ஒரே தடவைல பிடிச்சுக்கிச்சுங்க. அதோட, 48 மணி நேரம் கழிச்சு ஹிப்போகேம்பஸ எடுத்துட்டாலும் அந்தப் புது ஜோடி ஞாபகம் இருந்துச்சு. வழக்கமா அது ஹிப்போகேம்பஸ விட்டு வெளிய போக ரொம்ப நாள் பிடிக்கும்னு நினைச்சிருந்தாங்க. ஏற்கெனவே ஆணி அடிச்சு வச்ச சுவர்ல படத்த மாட்டறது சீக்கிரம் முடிஞ்சுடுது.

சமீபத்துல வந்ததுல ரெண்டு. சாம்போர்ஸ்கா, ஆகாம் குழு 2022-ல எலிங்களுக்கு ஒரே ஆட்டத்த, மூக்க நுழைக்கற துளைங்களோட இடத்த மட்டும் மாத்தி மாத்தி கொடுத்தாங்க. ஹிப்போகேம்பஸ் ஒவ்வொரு அமைப்புக்கும் படத்த புதுசா வரைஞ்சுக்குது, ப்ரீஃப்ரண்டல் செல்கள் அமைப்பு மாறுனாலும் ஆட்டத்துல அதே கட்டத்துக்கு அதே மாதிரி துடிக்குது. ஒண்ணு விவரம் எழுதுது, ஒண்ணு சட்டகத்த வச்சிருக்கு. ரெண்டாவது, எல்-காபி குழு 2024-ல பண்ணுனது. ஒன்பது இடம் இருக்கற ஒரு குட்டி மேடைல நாலு இடத்துல வரிசையா தண்ணி, நாலாவது முடிஞ்சா திரும்ப மொதல் இடம். வேற வேற நாலு இடம் வச்சு பல தடவை பழகுன எலி, புத்தம் புது வரிசைல மொத சுத்துலயே, நாலாவது முடிஞ்ச கையோட நேரா மொதல் இடத்துக்கு ஓடுச்சு. அந்த வழில அது அதுக்கு முன்னாடி போனதே இல்ல. முன் மூளைல "அடுத்த பரிசுக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கேன்"னு பாதி வழில, முக்கால் வழில துடிக்கற செல்கள் இருந்துச்சு, தூரம் நீளமா இருந்தாலும் குட்டையா இருந்தாலும் பாதினா பாதி தான்.

இத படிச்சிட்டு ரெண்டு நாள் வேற ஒண்ணும் ஓடல எனக்கு.

டோப்பமைன் எங்க காணோம்? எல்லாமே டோப்பமைன் தானே?

டோப்பமைன்ங்கறது நியூரான்கள் சேதி அனுப்ப பயன்படுத்தற ஒரு ரசாயனம், ரீல்ஸ்ல சொல்ற மாதிரி இன்பம் கொடுக்கற சாறு இல்ல. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குங்ககிட்ட அளந்தது இது: எதிர்பாக்காம ஜூஸ் வந்தா டோப்பமைன் நியூரான் குபீர்னு துடிக்கும். விளக்கு எரிஞ்சா ஜூஸ் வரும்னு பழகிட்டா விளக்குக்கே துடிக்கும், ஜூஸுக்கு சும்மா இருக்கும். விளக்கு எரிஞ்சும் ஜூஸ் வரலனா வர வேண்டிய நேரத்துல வழக்கத்த விட கீழ இறங்கும். எதிர்பாத்ததுக்கும் நடந்ததுக்கும் உள்ள வித்தியாசம் அது. எதிர்பார்ப்பு எங்க இருந்து வருது? மேல சொன்ன மேப்ல இருந்து தான். மேப் தப்புனா டோப்பமைனும் தப்பான பாடத்த தான் நடத்தும்.

பழக்கமும் மேப்பும் சண்டை போட்டா யார் ஜெயிப்பா?

எவ்வளவு பழகிருக்கீங்கங்கறத பொறுத்தது. கேம்பிரிட்ஜ்ல ஆடம்ஸ், டிக்கின்சன் எண்பதுகளோட தொடக்கத்துல பண்ணுனது: எலி லீவர அமுக்குனா சர்க்கரை உருண்டை. அப்புறம் தனியா அந்த உருண்டைய தின்ன வச்சு, வயித்தக் குமட்டற ஊசி போட்டு, அதுக்கு உருண்டையே பிடிக்காம பண்ணிட்டாங்க. கொஞ்சமா பழகுன எலி லீவர அமுக்கறத நிறுத்திடுச்சு, அமுக்குனா என்ன வரும்னு அதுக்குத் தெரியும். ரொம்ப நாள் பழகுன எலி, வேண்டாத உருண்டைக்காக அமுக்கிட்டே இருந்துச்சு.

மனுஷங்ககிட்டயும் இந்த ரெண்டு வழியையும் ஒரே ஆட்டத்துல பிரிச்சுப் பாக்கலாம்னு நதானியேல் டா குழு 2011-ல காட்டுனாங்க, பெரும்பாலானவங்க ரெண்டையும் கலந்து தான் பயன்படுத்தறாங்க. பின்னாடி வந்த ஆய்வுகள்ல, கூடவே இன்னொரு வேலைய தலைல ஏத்துனா ஆளுங்க பழக்கத்து பக்கம் சாயறது தெரிஞ்சுச்சு. ஓசிடி (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வர்ற மனநலப் பிரச்சனை) இருக்கறவங்ககிட்ட யோசிச்சு திட்டம் போடற பக்கம் பலவீனமா இருக்குனும் வந்திருக்கு, ஆனா ஒரு ஆட்டத்த ஆடிப்பாத்து உங்களுக்கு ஓசிடினு யாரும் சொல்ல முடியாது, இணையத்துல அப்படி டெஸ்ட் இருந்தா விட்டுடுங்க.

பழக்கத்த வில்லனா பாக்காதீங்க. யோசிக்கற வழி மெதுவா போகும், செலவும் அதிகம். நிலைமை மாறாத வரைக்கும் பழக்கம் தான் கெட்டிக்காரன்.

மல்டிடாஸ்கிங் முடியுமா முடியாதா?

ரெண்டுல ஒண்ணு யோசிக்காம ஓடற வேலைனா முடியும். ரெண்டுமே ரூல் கேக்கற வேலைனா நீங்க தாவிட்டு தான் இருக்கீங்க, ஒரே நேரத்துல பண்ணல. 1927-லயே ஆர்தர் ஜெர்சில்ட் அளந்துட்டார், எல்லா எண்ணுலயும் கூட்டு, இல்ல எல்லாத்துலயும் கழினா வேகமா போகுது, ஒண்ணு விட்டு ஒண்ணு மாத்தி பண்ணச் சொன்னா நேரம் கூடுது. 1995-ல ரோஜர்ஸ், மான்செல் பண்ணுனதுல, அடுத்து எந்த வேலைனு தெரிஞ்சு தயாராக டைம் கொடுத்தாலும் அந்த நஷ்டம் குறையுது, முழுசா போகல. முந்தின வேலையோட வாசனை ஒட்டிக்கிட்டே இருக்கு.

தூங்கி எழுந்தா புரியும்ங்கறாங்களே?

2004-ல ஜெர்மனில ஒரு எண் புதிர கொடுத்துப் பாத்தாங்க, அதுல ஒரு குறுக்கு வழி ஒளிஞ்சிருக்கும், சொல்ல மாட்டாங்க. நடுவுல எட்டு மணி நேரம் தூங்குனவங்கள்ல பாதிக்கு மேல அத கண்டுபிடிச்சாங்க, முழிச்சிருந்தவங்கள்ல கால்வாசிக்கும் கம்மி. பிற்பாடு வந்த சில ஆய்வுங்க வேற மாதிரி புதிர்ல இந்தப் பலன பாக்கல. எலி ஓய்வெடுக்கறப்ப ஹிப்போகேம்பஸ் அன்னிக்கு ஓடுன பாதைய வேகமா திரும்ப ஓட்டிப் பாக்குதுங்கறது மட்டும் நல்லா உறுதி ஆனது. பரீட்சைக்கு மொத ராத்திரி முழிக்காதீங்கனு சொல்ல இதுவே போதும்.

பிரைன் ட்ரெயினிங் ஆப் காசு கட்டி வாங்கலாமா?

அந்த ஆப்ல இருக்கற ஆட்டத்துல கெட்டிக்காரனா ஆகணும்னா வாங்கலாம். 2010-ல ஏட்ரியன் ஓவன் குழு பிபிசியோட சேந்து 11,430 பேர ஆறு வாரம் பயிற்சி பண்ண வச்சாங்க. பயிற்சி எடுத்த ஆட்டத்துல எல்லாம் முன்னேறுனாங்க, அதோட நெருங்குன மத்த டெஸ்ட்ல கூட அந்த முன்னேற்றம் தாவல. ஹார்லோ குரங்குக்கு தாவுச்சே, இங்க ஏன் தாவலனு கேப்பீங்க. அங்க அடுத்தடுத்த புதிருக்கு எலும்புக்கூடு ஒண்ணே, மேல்தோல் மட்டும் தான் வேற. ஆப்ல பலூன் வெடிக்கறதுக்கும் ஆபீஸ்ல கணக்கு டேலி பண்றதுக்கும் அடில பொதுவா ஒண்ணும் இல்ல.

ஏஐ-யும் இப்படித்தான் கத்துக்குதா?

சில இடத்துல ஆச்சரியமா ஒத்துப்போகுது. 2019-ல யாங், வாங் குழு ஒரே செயற்கை நியூரல் நெட்வொர்க்குக்கு குரங்கு ஆய்வகத்துல வர்ற மாதிரி 20 வேலைய ஒண்ணா பழக்குனாங்க. உள்ள யாரும் சொல்லாமலே யூனிட்டுங்க (அதோட செயற்கை நியூரான்கள்) கூட்டம் கூட்டமா பிரிஞ்சு, பொதுவான துண்டு வேலைங்கள பங்கு போட்டுக்கிச்சு. புது வேலைய பழைய துண்டுங்கள ஒட்டுப்போட்டு குறிக்க முடிஞ்ச இடமும் இருந்துச்சு. அதுக்காக மூளையும் அதே வழிலதான் வந்துச்சுனு அர்த்தம் இல்ல, ஒரே விடைக்கு ரெண்டு பேர் வேற வேற வழில வரலாம்.

ஸ்கேன் பண்ணா நான் மனசுல என்ன ரூல் வச்சிருக்கேன்னு கண்டுபிடிச்சுடுவாங்களா?

2007-ல ஜான்-டிலன் ஹேன்ஸ் குழு இத முயற்சி பண்ணாங்க. வரப்போற ரெண்டு எண்ண கூட்டறதா கழிக்கறதானு ஆள் மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டு வெளிய சொல்லாம காத்திருக்கணும், எண்கள் இன்னும் திரைல வரல. முன் மூளையோட நடுப்பகுதி துடிப்பு அமைப்ப வச்சு கம்ப்யூட்டர் 71% வரைக்கும் சரியா சொல்லுச்சு. காச சுண்டிப் போட்டாலே 50% வரும். அதுவும் ஆள் ஆடாம அசையாம மெஷின்ல படுத்து, கொடுத்த ரெண்டு வழில ஒண்ண மட்டும் நினைச்சு, முழு ஒத்துழைப்பு கொடுத்த அப்புறம்.